வரைபடம் வாய் திறக்கட்டும்



இந்த வாரம் கொஞ்சம் கணினி விஷயம். "இந்த வயசுல நமக்கு எதுக்குப்பா இதெல்லாம்" என்று மூடிவிடாதீர்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று பொறியியலும் அறிவியலும் படிக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கு எடுத்து வரும் புராஜெக்ட் புத்தகத்தைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் வரைபடம். அதில் ஒன்றைக் காட்டி "இது என்ன சொல்லுது?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் தலையைச் சொறிவார்கள். மென்பொருள் என்ன வரைந்து கொடுத்ததோ அதை அப்படியே ஒட்டியிருப்பார்கள்.

முப்பது வருடங்களுக்கு மேல் இயற்பியல் பாடம் எடுத்தவன் என்ற உரிமையில் ஒரு கருத்தைச் சொல்கிறேன். வரைபடம் போடக் கற்றுக்கொடுத்தால் போதாது. அதைத் திருத்தவும், அதனிடம் கேள்வி கேட்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும். அது இல்லாத வரைபடம் சுவரில் மாட்டிய காலண்டர் படம் மாதிரிதான்.

நம் பிள்ளையார்பாளையத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கட்டம் போட்ட தாளோடு வாழ்ந்த ஊர் இது. சேலை டிசைனை முதலில் கிராப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்புவார்கள். எந்தக் கட்டம் நிரம்பியிருக்கிறது, எது காலி என்பதை வைத்து அட்டையில் துளை போடுவார்கள். அந்த அட்டைகளைக் கோத்து ஜக்கார்டில் மாட்டினால் இழை தூக்குவதும் இறக்குவதும் தானாக நடக்கும். பிரான்சில் ஜக்கார்டு என்பவர் 1804-இல் செய்த அந்த அமைப்பின் துளை அட்டைதான் பிற்பாடு கணக்குப் போடும் எந்திரங்களுக்கும் வழிகாட்டியது. 1890-இல் அமெரிக்கா மக்கள்தொகைக் கணக்கைத் துளை அட்டையில்தான் எண்ணியது. ஆகவே கணினிக்கும் நமக்கும் உறவு புதிதல்ல, பழைய சம்பந்திதான்.

ஆனால் ஒரு வித்தியாசம். அட்டை வெட்டிக் கோத்துவிட்ட பிறகு மயிலின் கழுத்தைக் கொஞ்சம் நீட்ட வேண்டுமென்றால் அத்தனை அட்டையையும் மாற்ற வேண்டும். கணினி வரைபடத்தில் ஒரு வரியை மாற்றினால் போதும். அந்த வசதி கையில் இருந்தும் நம் பிள்ளைகள் தொடுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இன்று விஞ்ஞானிகள் பெரும்பாலும் பயன்படுத்துவது பைத்தான் மொழியில் உள்ள மேட்பிளாட்லிப் என்ற தொகுப்பு. இதை எழுதியவர் ஜான் ஹன்டர் என்ற அமெரிக்கர். மென்பொருள் வியாபாரி அல்ல, மூளை நரம்பியல் ஆராய்ச்சியாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைப் பார்க்க அவருக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. தானே எழுதி 2003-இல் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். 2012-இல், தம் 44-ஆவது வயதில் புற்றுநோயால் இறந்துபோனார். 2019 ஏப்ரலில் உலகமே பார்த்த கருந்துளைப் படம் இருக்கிறதே, அதை உருவாக்கிய மென்பொருள்களிலும் இவர் தொகுப்பு இருக்கிறது.

இதில் வரையும் படத்தில் ஒவ்வொரு கோடும், புள்ளியும், எழுத்தும், அச்சும் தனித்தனிப் பொருள். எதை வேண்டுமானாலும் தனியாகப் பிடித்து நிறம் மாற்றலாம், தடிமன் மாற்றலாம், மறைக்கலாம். மவுஸை ஒரு புள்ளியின் மேல் கொண்டுபோனால் அந்தப் புள்ளியின் விவரம் ஒரு சிறு பெட்டியில் எழும்படி செய்யலாம். ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கலாம். பழைய ரேடியோவின் வால்யூம் திருகு போல ஒரு நகர்த்தியை வைத்து, அதைத் தள்ளத் தள்ள வளைகோடு மாறுவதைப் பார்க்கலாம். இதைத்தான் ஊடாடும் வரைபடம் என்கிறார்கள். நான் பேசும் படம் என்பேன்.

இது புத்தம் புதிய யோசனையும் அல்ல. 1970-களின் தொடக்கத்திலேயே ஜான் டூக்கி என்ற புள்ளியியல் மேதையும் அவர் கூட்டாளிகளும் அமெரிக்காவில் பிரிம்-9 என்று ஒன்றைச் செய்தார்கள். படமாக்கு, சுழற்று, தனியாகப் பிரி, மறை என்ற நாலு வேலைகளின் முதலெழுத்துகள்தான் பெயரின் முன்பாதி. ஒன்பது பரிமாணம் வரை உள்ள தகவலைத் திரையில் திருப்பித் திருப்பிப் பார்க்கும் ஏற்பாடு. அன்றைக்கு அதற்கு அறை நிறைய எந்திரம் வேண்டியிருந்தது. இன்று மடிக்கணினி போதும்.

நம் பக்கத்துப் பெருமையும் ஒன்று உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் விண்வெளிப் பொறியியலில் ஆராய்ச்சி செய்த பிரபு ராமச்சந்திரன், முப்பரிமாணப் படங்களுக்கு என்றே ஒரு மென்பொருள் எழுதினார். இன்று உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். அதன் பெயர் மாயாவி! 1972-இல் முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி படித்த தலைமுறை நாம். மின்சாரம் பாய்ந்தால் அவர் உடம்பு மறைந்துபோகும், இரும்புக் கை மட்டும் தெரியும். இந்த மாயாவியும் அந்த வித்தை தெரிந்தவர்தான். காற்று ஓட்டத்தையோ வெப்பம் பரவுவதையோ கனமான உருவமாக வரைந்துவிட்டு, மேல் பரப்பைக் கண்ணாடி போல ஆக்கி உள்ளே நடப்பதைக் காட்டும். கத்தியால் கேக் வெட்டுவது போலக் குறுக்கே வெட்டியும் பார்க்கலாம். தாளில் அச்சடித்த படத்தில் இது நடக்குமா?

சரி, இதனால் நம் தெருவுக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள்.

எங்கள் தெருவில் தறி வைத்திருப்பவரின் மகள் ஒருத்தி, பொறியியல் கடைசி வருடம். மழைக்காலத்தில் தறி வீட்டில் ஈரம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை புராஜெக்டாக எடுத்திருந்தாள். ஈரப்பதம் அளக்கும் சின்னக் கருவி ஒன்றைத் தறிக்கு மேலே மாட்டி, பத்து நிமிடத்துக்கு ஒரு அளவு. அறுபது நாளில் 8,640 அளவுகள். எல்லாவற்றையும் போட்டு ஒரு வரைபடம் எடுத்து வந்து காட்டினாள். சிக்குப் பிடித்த நூல் கண்டு மாதிரி இருந்தது. கீழே தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. நடுநடுவே சில இடத்தில் கோடு சட்டென்று ஊசி போல மேலே எழும்பியிருந்தது.

"சார், அது கருவியோட பிழை. அழிச்சுடப் போறேன்" என்றாள்.

"அழிக்கிறதுக்கு முன்னாடி அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடும்மா. மவுஸை வச்சா தேதியோட கிழமையும் மணியும் தெரியற மாதிரி பண்ணு" என்றேன்.

மறுநாள் செய்துவிட்டாள். அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு ஊசியாக மவுஸை வைத்தோம். வெள்ளி, காலை ஆறரை. வெள்ளி, ஏழு. எட்டு ஊசியும் வெள்ளிக்கிழமை. தார் சுற்றிக்கொண்டிருந்த அவள் அம்மா அங்கிருந்தே சிரித்தார்கள். "ஏண்டி, வெள்ளிக்கிழமைதானே வீடு முழுக்கத் தண்ணி ஊத்திக் கழுவி விடுறோம்?"

கருவி ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது. அழித்திருந்தால் நல்ல அளவுகளைக் குப்பையில் போட்டிருப்பாள். அதற்குப் பிறகு அவள் அப்பா திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார். "இங்க ரெண்டு நாள் மேலயே நிக்குது பாருங்க சார், அன்னைக்குத்தான் தறிக்குழியில தண்ணி ஊறிச்சு" என்று அவரே காட்டினார். ஆயுசு முழுக்கக் கிராப் தாள் பார்த்துத் தறி ஓட்டிய கண். அந்தக் கண்ணுக்கு ஒரு படம் கிடைத்ததும் அது படிக்கிறது. பெண்ணின் படிப்பு அப்பா அம்மாவுக்குப் புரிந்த நாள் அது என்று நினைக்கிறேன். படத்தில் கூடுதலாகச் சேர்த்தது கிழமை ஒன்றுதான்.

ஆகவே திருத்துவது என்றால் கலர் கலராக்குவது என்று நினைக்க வேண்டாம். என்ன கேள்வி கேட்கப் போகிறோமோ அதற்கு ஏற்ற விவரத்தைப் படத்தில் வைப்பதுதான் திருத்தம்.

இதற்கு மூன்று விஷயங்களை நான் வற்புறுத்துவேன்.

முதலில் அச்சு. மென்பொருள் தானாக எல்லை வைக்கும்போது, இருக்கிற அளவுகளைப் படம் நிறையும்படி இழுத்து வைக்கும். வெப்பம் 29.2 டிகிரியிலிருந்து 29.9-க்குப் போனாலும் இமயமலை ஏறியது போலத் தெரியும். எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதை வரைபவர் யோசித்து வைக்க வேண்டும். அலகையும் மறக்காமல் எழுத வேண்டும்.

இரண்டாவது நிறம். சாயத்துக்குப் பேர் போன ஊர்க்காரர்கள் இதில் ஏமாறக் கூடாது. வெப்பப் படங்களில் ரொம்ப நாள் வானவில் நிறம்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கோடியில் அடர் நீலம், மறு கோடியில் அடர் சிவப்பு. கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்தால் இரண்டும் ஒரே கறுப்பு! மிகக் குறைவும் மிக அதிகமும் ஒன்றாகிவிடும். நடுவில் இருக்கும் மஞ்சள், தகவலில் இல்லாத கரையை எல்லாம் இருப்பது போலக் காட்டும். அதனால் மேட்பிளாட்லிப்பில் 2017-இல் அதை மாற்றினார்கள். புது வரிசை நம் ஊர் பாஷையில் சொன்னால் கத்தரிப்பூ, மயில்கழுத்து, கிளிப்பச்சை, எலுமிச்சை மஞ்சள். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு ஒரே சீராக ஏறும். ஜெராக்ஸிலும் வரிசை கெடாது, சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கும் தெரியும்.

மூன்றாவது தடம். மவுஸால் இழுத்து இழுத்துப் படத்தை அழகாக்கிவிட்டு அதை மட்டும் சேமித்தால், நாளைக்குப் புது அளவு வந்ததும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். திருத்தங்களைக் கட்டளையாக எழுதி வைத்தால் படம் மறுபடி தானாக வரும், மற்றவரும் சரிபார்க்கலாம். சேலை விற்றுப் போனாலும் கிராப் தாளையும் அட்டையையும் பத்திரமாக வைத்திருக்கிறோமே, அது போல.

இப்போது எதிர்க்கட்சிக்கும் வருகிறேன். "அசைகிற படம் எல்லாம் விளையாட்டு சார், பரீட்சைக்கும் பத்திரிகைக்கும் அச்சுதானே வேணும்" என்று ஒரு நண்பர் சொன்னார். அதில் நியாயம் உண்டு. மவுஸைக் கொண்டுபோனால்தான் முக்கிய விஷயம் தெரியும் என்றால் அந்தப் படம் தோற்றது. ஆட்டம் காட்டி ஆளை அசத்தும் படங்களும் நிறைய இருக்கின்றன. என் கணக்கு இதுதான்: தேடும்போது அசையும் படம், சொல்லும்போது நிற்கும் படம். அந்தப் பெண்ணும் கடைசியில் அச்சில்தான் கொடுத்தாள். ஆனால் அந்த எட்டு வெள்ளிக்கிழமைகளையும் குறித்துக் காட்டிக் கொடுத்தாள். கண்டுபிடித்தது அசையும் படத்தில், சொன்னது நிற்கும் படத்தில். அவள் கல்லூரியில் இத்தனை படம் இருந்தாக வேண்டும் என்று எண்ணிக்கை கேட்டார்களாம். ஒரு படத்தைப் பற்றியாவது ஒரு கேள்வி கேட்டார்களா என்றால், இல்லை.

இது படிப்போடு நிற்கிற விஷயமும் அல்ல. 2015 மழையை நாம் மறக்க முடியுமா? அந்த நவம்பரில் சென்னையில் பெய்தது 1,049 மி.மீ. வழக்கமான அளவு 407 மி.மீ.தான். 1918 நவம்பருக்குப் பிறகு அப்படி ஒரு நவம்பர் இல்லை. மாதக் கணக்காகப் பட்டை வரைந்தால் உயரமான ஒரு பட்டை தெரியும், அவ்வளவுதான். அதே தகவலை நாள் கணக்காகப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் மழை எந்தெந்த நாளில் குவிந்தது, எந்த நாள் ஓய்ந்தது, ஏரிகள் எப்போது நிரம்பத் தொடங்கின என்பதெல்லாம் தெரியும். டிசம்பர் 1-ஆம் தேதி மழை தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. வெள்ளம் மாதக் கணக்குப் பார்த்து வருவதில்லை. மழை, ஏரி மட்டம், நிலத்தடி நீர் எல்லாம் பொதுமக்கள் பணத்தில் எடுக்கும் அளவுகள். அவற்றை வெறும் படமாக ஒட்டி வைக்காமல், நம் ஊர், நம் ஏரி, நம் நாள் என்று தேர்ந்து பார்க்கும்படி கொடுக்க வேண்டும். சந்தேகம் வந்தால் தொட்டுக் கேட்க ஜனங்களுக்கு வழி இருக்க வேண்டும்.

இதைக் கற்க காசு தேவையில்லை. பைத்தான், மேட்பிளாட்லிப், மாயாவி மூன்றும் இலவசம். மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் பைத்தான் பாடங்கள் உண்டு. திரையோடு பேசிப் பேசிப் படம் வரைவதற்கு ஒரு பாடம், வரைந்ததை மெருகேற்ற ஒரு பாடம். அந்தத் திட்டத்தின் பல பாடங்களைத் தமிழ்க் குரலிலும் கேட்கலாம். ஒவ்வொன்றும் சில நிமிடங்கள்தான்.

பேரன் பேத்தி அடுத்த முறை வரைபடம் காட்டினால், "நல்லா இருக்கு கண்ணு" என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். ஏதாவது ஒரு புள்ளியின் மேல் விரலை வைத்து, "இது என்னைக்கு, ஏன் இப்படி?" என்று கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் அந்தப் படத்தில் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். அதைச் சொல்ல நமக்குக் கணினி தெரிந்திருக்க வேண்டியதில்லை.