விற்பது தமிழில், பொறுப்பேற்பது ஆங்கிலத்திலா?

உத்திரமேரூரில் சென்ற திங்கள் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியை முதலிற் கூறிவிடுகின்றேன். சிறிதாயினும் என் உறக்கத்தைக் கெடுத்த நிகழ்ச்சி அது.

எங்கள் தெருவில் முதியவர் ஒருவர் வாழ்கின்றார். ஏரிப் பாய்ச்சலில் நெல் விளைவிப்பவர். அகவை எழுபதை அணுகியவர். தமிழ் நாளிதழைத் தட்டுத் தடங்கலின்றிப் படிப்பவர். வெளியூரிற் பணிசெய்யும் மகன் வாங்கித் தந்த செல்பேசியின் மின்னேற்றி பழுதுபட்டுப் போகவே, கடையொன்றில் 300 உருபா கொடுத்துப் புதிதொன்று வாங்கினார். பத்தே நாளில் அது கை பொறுக்காத அளவுக்குச் சூடேறி, ஓரிரவில் கருகிய நாற்றத்துடன் அடங்கிப் போயிற்று. மறுநாள் எடுத்துச் சென்றபோது, மாற்றித் தருவதற்கு ஏழு நாள்தாம் வரம்பென்று பெட்டியிலேயே அச்சிட்டிருப்பதாகவும், படித்துப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும் என்றும் கூறித் திருப்பியனுப்பி விட்டனர்.

பெரியவர் அப்பெட்டியுடன் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். "ஐயா, நான் படிக்கத் தெரியாதவனா? இந்தப் பெட்டியில ஒரு தமிழெழுத்து இருந்தாக் காட்டுங்க" என்றார்.

ஆறு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். ஆங்கிலம் இருந்தது; ஒரு மூலையில் இந்தியும் இருந்தது. தமிழ் இல்லை. முப்பதாண்டுக் காலம் தமிழ் கற்பித்த என்னால், தமிழ் படிக்கத் தெரிந்த அம்முதியவருக்கு ஒரு சொல் விடை கூற இயலவில்லை.

கடைக்காரரைக் கடிந்துகொண்டு நாம் அமைந்துவிடலாம். ஆனால் அவர் சட்டத்தை மீறினாரா? அதுதான் இல்லை! பொதிந்து விற்கும் பொருள்களுக்கென நடுவணரசு 2011-ஆம் ஆண்டில் வகுத்த எடையளவு நெறிமுறைகளைப் பாருங்கள். ஆக்கியவர் அல்லது இறக்கியவர் பெயரும் முகவரியும், ஆக்கிய திங்களும் ஆண்டும், பெரும விலையும், குறை கூறுதற்குரிய தொடர்பும் பெட்டியின்மேல் இருத்தல் கட்டாயம் என்று அவை கூறுகின்றன. நன்று. எம்மொழியில்? தேவநாகரி எழுத்திலமைந்த இந்தியில் அல்லது ஆங்கிலத்தில்! பிறமொழிகள்? அவ்விரண்டனுள் ஒன்றுடன் கூடுதலாக வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாமாம், தடையில்லையாம்! தமிழ்நாட்டில், தமிழன் கடையில், தமிழன் காசுக்கு விற்கும் பொருளின்மேல் தமிழ் மட்டும் இருந்தால் அது சட்டப்படி குற்றம். தமிழே இல்லாமல் இருந்தால் அது சட்டப்படி சரி. எவ்வளவு நயமான ஏற்பாடு, பார்த்தீர்களா?

"நாட்டில் எத்தனையோ மொழிகள், அத்தனையும் ஒரு சிறு பெட்டியில் அடங்குமா?" என்று சிலர் வினவுவர். அவர்க்கு விடை எளிது. பிரான்சு நாடு 1994-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றிற்று. அங்கு விற்கும் பொருளின் விளக்கமும், பயன்படுத்தும் முறையும், பொறுப்புறுதியும் பிரெஞ்சு மொழியில் இருந்தாக வேண்டும். கனடாவில் ஒரு மாநிலமேயான கியூபெக்கு, 1977-ஆம் ஆண்டிலேயே தன் மொழிச் சாசனத்தின் வாயிலாகப் பெட்டிமேலும் உள்ளிருக்கும் தாளிலும் பிரெஞ்சைக் கட்டாயமாக்கியது. ஆங்கிலக் கடல் சூழ்ந்த நிலத்தில் வாழும் அம்மக்கள், எங்கள் பெட்டியில் எங்கள் மொழி என்று நின்றனர். வணிகர்களும் வழிக்கு வந்தனர். ஐரோப்பாவில் விற்கும் கருவிகளோடு வரும் மடிப்புத்தாளை விரித்துப் பார்த்தவர்க்குத் தெரியும்: பத்துப் பதினைந்து மொழிகள் அதில் அடுக்கடுக்காய் நிற்கும். ஆங்கே இடம் கிடைக்கின்றது. தமிழுக்கு மட்டும் தாளில் இடம் போதாதாம்!

இதே நிறுவனங்கள் விளம்பரம் செய்கையில் எம்மொழியிற் செய்கின்றன? தமிழில்! தொலைக்காட்சியில் தமிழ், சுவரொட்டியில் தமிழ், பண்டிகைக் காலத்தில் செல்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியிலும் தமிழ். வாங்கத் தூண்டுகின்ற வரையில் தமிழ் அவர்கட்கு இனிக்கின்றது. பணம் கைமாறிய மறுநொடி, பொறுப்புறுதித் தாள் ஆங்கிலத்துக்கு ஓடி ஒளிந்துகொள்கின்றது. விற்பது தமிழில், பொறுப்பேற்பது ஆங்கிலத்தில்! மொழித்தடை அவர்கட்கு இல்லை. அதனை நமக்கெனவே எழுப்பி வைத்திருக்கின்றனர்.

மின்னேற்றியால் போனது 300 உருபா. செல்பேசித் திரையில் "உடன்படுகின்றேன்" என்னும் கட்டத்தைத் தொடுகின்றோமே, அதனாற் போவது எவ்வளவு? என் மாணவனொருவனின் தாயார் அவசரத் தேவைக்குக் கடன்தரும் செயலியொன்றில் சிறு தொகை பெற்றார். திரையில் ஆங்கிலத்தில் ஓடிய பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போய், உடன்பாட்டைத் தொட்டார். தம் பேசியிலுள்ள அத்தனை எண்களையும் படங்களையும் எடுத்துக்கொள்ளத் தாமே இசைவு தந்துவிட்டதை அவர் அறியார். தவணை தவறிய மறுநாள் உறவினர்க்கெல்லாம் இழிமொழிகள் பறந்தன. அவ்வம்மையார் சில கிழமைகள் வீட்டை விட்டு வெளிவரவில்லை. படிக்கவியலாத மொழியில் பெற்ற இசைவு இசைவாகுமா? கண்ணைக் கட்டிக்கொண்டு கைந்நாட்டு வாங்குவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

எங்களூர்க் கல்வெட்டை இங்கே நினைவூட்ட விரும்புகின்றேன். முதற் பராந்தக சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில், குடவோலைத் தேர்தல் முறை வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரிற் பொறிக்கப்பட்டது. ஊர் முப்பது குடும்பாகப் பகுக்கப்பட்டது. பெயர்கள் ஓலையில் எழுதிக் குடத்திலிடப்பட்டன. அவை நடுவே ஒரு சிறுவன் கையிட்டு எடுத்தான். யார் நிற்கலாம், யார் நிற்கலாகாது, கணக்குக் காட்டாதவன் எவ்வாறு விலக்கப்படுவான் என்பதெல்லாம் வரி வரியாய் அங்கே வெட்டப்பட்டுள்ளன. அதனைக் குறையற்றதென்று நான் போற்றவில்லை. அது பார்ப்பனர்க்குரிய சதுர்வேதிமங்கலத்தின் அவை. உழுது பயிரிட்டவனுக்கும் பெண்டிர்க்கும் அதில் இடமில்லை. கல்வெட்டின் தமிழிலும் வடசொற் கலப்பு மிகுதி. அஃதெல்லாம் மெய்யே. ஆயினும் ஒன்றை மறுக்க முடியாது. ஊரைக் கட்டுப்படுத்தும் நெறியை ஊரின் மொழியில், ஊரார் கண்முன் வைக்கவேண்டும் என்னும் நாணமாவது அன்றைய ஆட்சிக்கு இருந்தது! 2020-ஆம் ஆண்டு திசம்பரில், தில்லியில் புதிய நாடாளுமன்றத்திற்கு அடிக்கல் நாட்டிய விழாவில், தலைமையமைச்சர் இவ்வூர்க் கல்வெட்டைப் பெருமையுடன் எடுத்துக் கூறினார். கல்லில் இருக்கும் தமிழுக்குத் தில்லியிற் பெருமை. பெட்டியில் இருக்கவேண்டிய தமிழுக்கு அதே தில்லியின் நெறிமுறையில் இடமில்லை!

இதுவரை பிறரைச் சுட்டினேன். இனி விரலை என் நெஞ்சின்மேல் வைக்கின்றேன்.

சென்ற ஆண்டு, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி என் செல்பேசியை எட்டிப் பார்த்து, "ஐயா, தமிழ் ஆசிரியரான உங்கள் பேசி ஏன் ஆங்கிலத்தில் இருக்கிறது?" என்று கேட்டாள். தலைகுனிந்தேன். ஆறாண்டுகளாக அக்கருவியை வைத்திருந்தேன். அதற்குள் தமிழ் இருந்ததை ஒருநாளும் தொட்டுப் பார்த்ததில்லை. தேவையில்லை என்று நாமே ஒதுக்கியதை, மக்கள் கேட்கவில்லை என்று வணிகன் எழுதி வைத்துக்கொள்கின்றான். அன்றே மாற்றினேன். முதல் இரண்டு நாள் தடுமாற்றந்தான். மூன்றாம் நாள் பழகிவிட்டது.

திரைத்தமிழ் கரடுமுரடாய் இருக்கின்றது என்பர். உண்மை, பல இடங்களில் அது எந்திரம் கக்கிய தமிழ். "சமர்ப்பி" என்று வடசொல்லிட்டு மிரட்டும் இடத்தில் "அனுப்பு" என்று நம் எளிய சொல் நின்றால் யாருக்குப் புரியாது? ஆயினும், பயன்படுத்துவோர் இல்லாத மொழியைத் திருத்துவோரும் இரார். இணையம், கணினி, மின்னஞ்சல், கடவுச்சொல், செயலி, பதிவிறக்கம் என்னும் சொற்களைத் தொடக்கத்தில் எள்ளி நகைத்தவர்கள் இன்று அவற்றை வாய்நிறையச் சொல்கின்றனர். வழங்க வழங்கவே சொல் வாழும். எழுத்துப் பலகைக் குறையென்றும் சொல்லித் தப்ப இயலாது. உயிரெழுத்துகளை இடக்கைக்கும் மெய்யெழுத்துகளை வலக்கைக்கும் வகுத்தளித்த தமிழ்99 பலகையை அரசு 1999-ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது. அதனை வைத்துக்கொண்டும் நம் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தனுப்புகின்றனர் என்றால், குற்றம் எழுத்திலில்லை, எண்ணத்திலே இருக்கின்றது.

உணர்வுடையீர்! புலம்பிப் பயனில்லை. நம் கையிலேயே உள்ள சில உரிமைகளைக் கூறுகின்றேன்; குறித்துக்கொள்ளுங்கள்.

கடன் தருவோர், அக்கடனின் வட்டி முதலிய முழுச் செலவையும் கூறும் தலையாய செய்தித்தாளைக் கடன் பெறுவார்க்குப் புரிகின்ற மொழியில் தருதல் வேண்டும் என்று இந்திய நடுவண் வங்கி 2024-ஆம் ஆண்டில் ஆணையிட்டுள்ளது. தமிழிற் கேளுங்கள், தராதவிடத்துக் கையெழுத்திடாதீர்கள். நம் தனிச்செய்திகளைத் திரட்டுவோர், அதற்கான அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் பட்டியலிலுள்ள எம்மொழியிலுமோ படிக்க வாய்ப்பளித்தல் வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டுத் தனிச்செய்திக் காப்புச் சட்டம் கூறுகின்றது. எட்டாம் பட்டியலில் தமிழ் இருக்கின்றது. மின்னேற்றி வாங்குகையில், இந்தியத் தர அமைவனத்தின் முத்திரையும், "ஆர்" என்னும் ஆங்கில எழுத்தையடுத்து எட்டிலக்கப் பதிவெண்ணும் உள்ளனவா என்று பாருங்கள். அவை இல்லாத பொருளை வாங்காதீர்கள். விலைச்சீட்டின்றிக் கடையை விட்டு இறங்காதீர்கள். குறையிருப்பின் 1915 என்னும் நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசுங்கள். இணையவழியிற் பணம் பறிபோனால் நொடியும் தாழ்த்தாது 1930-ஐ அழையுங்கள்.

இவை இருப்பவை. இல்லாததைப் பெறுதற்கே போராட்டம். பொருள் எம்மாநிலத்தில் விற்கின்றதோ அம்மாநில மொழி பெட்டியின்மேல் கட்டாயம் என்று 2011-ஆம் ஆண்டு நெறிமுறைகள் திருத்தப்படல் வேண்டும். இதனைத் தமிழ்நாட்டரசு நடுவணரசிடம் வற்புறுத்திக் கேட்டல் வேண்டும். ஊர் மன்றங்கள் தீர்மானம் இயற்றி அனுப்புக. ஒவ்வொருவரும் வாங்கிய பெட்டியொன்றின் முகவரிக்கு, "உங்கள் பொருளின்மேல் என் மொழி ஏன் இல்லை?" என்று ஓரஞ்சலட்டை தமிழில் எழுதுக. நூறு அட்டை போனால் குப்பையில் எறிவர். பத்தாயிரம் போனால் அச்சுக்கூடத்துக்கு ஆளனுப்புவர். வணிகனுக்குக் கொள்கை இல்லை; கணக்குத்தான் உண்டு. அந்தக் கணக்கில் தமிழை ஏற்றுவது நம் கடன்.

அம்முதியவரின் பெட்டி இன்னும் என் மேசைமேல் இருக்கின்றது. அதன் முகவரிக்கு எழுதிய முதல் அட்டையை நேற்றுத்தான் அஞ்சலிற் சேர்த்தேன். கையொப்பம் அவருடையது, தமிழிலேயே இட்டார். அடுத்த அட்டை உங்களுடையதாக இருக்கட்டும்!