மலைக்கு முன்னால் ஒரு முட்கம்பி வேலி



இம்மாதம் உங்களை ஒரு பாலைவன வீதிக்கு அழைத்துச் செல்கிறேன். அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலிருந்து வடக்கே போனால் மொஹாவி பாலைவனம் வரும். அதைக் கடந்து செல்லும் 395ஆம் இலக்க நெடுஞ்சாலையில் அக்காவின் மகளுடன் நான் பயணம் செய்தேன். இடப்பக்கம் பனி மூடிய சியரா நெவாடா மலைகள். வலப்பக்கம் மரமே இல்லாத மண்ணிற மலைகள். நடுவில் காய்ந்த பற்றைகளும் புழுதியும்.

பெறாமகளுக்குப் படம் பிடிப்பதில் நல்ல விருப்பம். நல்ல இடம் கண்டால் வீதியை விட்டு நன்றாக விலக்கி வாகனத்தை நிறுத்துவாள். நண்பகல் வெயிலில் மலை தட்டையாகத் தெரியும், காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் வெளிச்சத்தில்தான் அதன் மடிப்புகள் தெரியும் என்று எனக்குச் சொல்லித் தந்தாள்.

"சித்தி, அந்தக் கட்டைக்குப் பக்கத்தில நில்லுங்கோ. ஆள் நிண்டால்தான் மலை எவ்வளவு பெரிசெண்டு விளங்கும்" என்றாள்.

இந்த வீதியை உலகறியச் செய்தவர்களில் ஒருவர் அன்சல் அடம்ஸ் என்ற புகைப்படக் கலைஞர். லோன் பைன் என்ற சிற்றூருக்கு அருகே 1944இல் அவர் எடுத்த படம் மிகவும் பெயர் பெற்றது. நான்கு நாட்கள் விடியுமுன் போய்க் காத்திருந்தும் முகில் விலகவில்லை. ஐந்தாம் நாள் வானம் வெளித்தது. ஆனால் புல்வெளியில் மேய்ந்த குதிரை அவருக்கு முதுகைக் காட்டி நின்றது. வாகனத்தின் கூரைமேல் கமராவை வைத்து, குளிரில் நடுங்கியபடி காத்திருந்தார். குதிரை பக்கவாட்டில் திரும்பிய வேளையில் சூரிய ஒளியும் அதன்மீது விழுந்தது. அந்தக் கணத்தில் எடுத்த படம் அது.

அவர் அந்தப் பக்கம் வந்ததற்குக் காரணம் மலை மட்டுமல்ல. லோன் பைனுக்குச் சற்று வடக்கே மன்சனார் என்ற இடத்தில் ஒரு முகாம் இருந்தது. அதைப் படம் எடுக்கவும் அவர் 1943, 1944ஆம் ஆண்டுகளில் வந்து போனார். நாங்களும் அங்கே இறங்கினோம்.

இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பான் அமெரிக்காவைத் தாக்கியதும், அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் அனைவரும் சந்தேகத்துக்கு உள்ளானார்கள். 1942 பெப்ரவரியில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஓர் உத்தரவில் ஒப்பமிட்டார். ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் வீடு, கடை, தோட்டம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கையில் தூக்கக்கூடிய பொருட்களோடு முகாம்களுக்கு ஏற்றப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த பிரஜைகள். அத்தகைய பத்து முகாம்களில் ஒன்று மன்சனார். ஒரு கட்டத்தில் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் அதில் இருந்தார்கள்.

மன்சனார் என்றால் ஸ்பானிய மொழியில் அப்பிள் தோட்டம். முன்பு அங்கே பழத்தோட்டங்கள் இருந்தன. 1913இல் அந்தப் பள்ளத்தாக்கின் ஆற்றுநீரை லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்குக் கொண்டு போனார்கள். பிறகு ஏரியும் வற்றி, தோட்டங்களும் கைவிடப்பட்டன. அந்தப் புழுதிக்குள்தான் முகாம் எழுந்தது. பலகை வீடுகளின் இடுக்குகளால் மணல் உள்ளே வரும். ஒரு அறையில் எட்டுப் பேர் வரை. சாப்பாட்டுக்கு வரிசை. பெண்களின் மலசலகூடத்தில் ஆரம்பத்தில் மறைப்பே இருக்கவில்லை. சிலர் ஆட்கள் குறைந்த இரவு நேரத்துக்காகக் காத்திருந்தார்கள். சிலர் அட்டைப் பெட்டியை மறைப்பாகக் கொண்டு போனார்கள். முகாம்களில் வாழ்ந்த உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

இந்த முகாமை மூன்று பேரின் கமராக்கள் பார்த்தன. அடம்ஸ் எடுத்த படங்களில் மக்கள் வேலை செய்கிறார்கள், படிக்கிறார்கள், சிரிக்கிறார்கள். காவல் கோபுரத்தையும் முட்கம்பியையும் எடுக்க அவருக்கு அனுமதி இருக்கவில்லை. கோபுரத்தில் ஏறி நின்று முகாமைப் படம் எடுத்தார். ஆனால் அந்தக் கோபுரம் படத்தில் இல்லை. அவருக்கு முன்னரே, 1942இல் டொரதியா லாங் என்ற பெண்ணை அரசாங்கமே படம் எடுக்க அமர்த்தியது. புழுதிப் புயலில் தேசியக் கொடி பறக்க, பலகை வீடுகளின் முன்னால் மக்கள் ஒதுங்கும் படம் அவருடையது. அவர் கண்டதை எடுத்தார். அதனால் யுத்தம் முடியும்வரை அவருடைய படங்களை வெளிவராமல் வைத்துவிட்டார்கள்.

மூன்றாமவர் டோயோ மியாதாகே. அவர் அந்த முகாமிலேயே அடைக்கப்பட்டவர். லொஸ் ஏஞ்சலிஸில் ஸ்ரூடியோ நடத்தியவர். கமரா வைத்திருக்கத் தடை இருந்தது. அவர் ஒரு வில்லையை மறைத்துக் கொண்டு வந்து, முகாமில் இருந்த தச்சர் ஒருவரைக் கொண்டு மரத்தால் கமரா செய்வித்தார். வெளிப்பார்வைக்கு அது சாப்பாட்டுப் பெட்டி போலவே இருந்தது. பின்னர் அவரை முகாமின் புகைப்படக்காரராக ஏற்றுக்கொண்டார்கள். அப்போதும் தொடக்கத்தில் பொத்தானை அழுத்த ஒரு வெள்ளையர் வர வேண்டியிருந்தது. முட்கம்பியைப் பிடித்தபடி நிற்கும் மூன்று சிறுவர்களின் படம் அவர் எடுத்தது. மற்றவர்கள் எடுக்க முடியாத வேலி அவருடைய படத்தில் இருக்கிறது.

முகாம் 1945 நவம்பரில் மூடப்பட்டது. 1988இல் அமெரிக்க அரசு தவறை ஏற்று மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் வழங்கச் சட்டம் இயற்றியது. இப்படிப்பட்ட படங்களும், திரும்பத் திரும்பப் பேசிய குடும்பங்களும் இல்லாவிட்டால் அதையெல்லாம் மறுப்பது எளிதாக இருந்திருக்கும். இன்று மன்சனார் பாதுகாக்கப்பட்ட வரலாற்று இடம். அங்கிருந்தவர்களின் பெயர்கள் பெரிய திரையொன்றில் எழுதப்பட்டுள்ளன. பெறாமகள் அதன்முன் கமராவைக் கீழே விட்டுவிட்டுப் பெயர்களை வாசித்துக்கொண்டு நின்றாள்.

சகோதரிகளே, படத்தின் பெறுமதியை நம்மைவிட அறிந்தவர் யார்? இடப்பெயர்வுகளில் அல்பங்களைத் தொலைத்தோம். 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் வீதியோரம் அமர்ந்த தாய்மாரின் கையில் இருந்ததும் பிள்ளையின் ஒரு படம்தான். எனவே சில விடயங்களைக் கவனியுங்கள்.

வீட்டில் மிஞ்சிய படங்களின் பின்புறத்தில் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை மெதுவாகப் பென்சிலால் எழுதுங்கள். பேனை அழுத்தினால் முன்புறத்தில் தடம் விழும். படங்களைக் கடித உறையில் இட்டு, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். கைத்தொலைபேசியால் பிரதி எடுத்து, வேறு ஊரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கும் அனுப்புங்கள்.

உங்களைப் படம் எடுக்க வருபவரிடம் எதற்காக, எங்கே வெளிவரும் என்று கேளுங்கள். விருப்பமில்லையென்றால் மறுக்கலாம். நிவாரணம் தருபவர் கேட்டாலும் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. பிள்ளைகளின் படத்தில் இன்னும் கூடிய கவனம் தேவை.

நீங்களும் எடுங்கள். திருத்திய வீடு, மீண்டும் காய்த்த மா, கிணற்றடி, உங்கள் வீதி. அடுத்த மாதம் சந்திப்போம்.