‘எனக்கு எதுக்கு மக்களே இதெல்லாம்?’ – கிறிஸ்துமஸ் பரிசை பீரோவில் பூட்டிவைக்கும் அப்பா அம்மாவுக்கு என்ன வாங்கலாம்?

டிசம்பர் பிறந்ததும் வாசலில் ஸ்டார் ஏறிவிடுகிறது. பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று அவர்களே பட்டியல் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். ஆபீஸில் ‘கிறிஸ் மா’ விளையாட்டுக்கான பரிசும் பத்து நிமிடத்தில் ஆர்டர் ஆகிவிடுகிறது. கடைசிவரை முடிவாகாமல் நிற்பது இரண்டே பேருக்கான பரிசுதான். அப்பாவும் அம்மாவும்.

கேட்டால் பதில் தயாராக இருக்கும். நாகர்கோவில் பக்கம் என்றால், “எனக்கு எதுக்கு மக்களே இதெல்லாம்?” நெல்லை என்றால், “ஏன்ல துட்டக் கரியாக்குத?” சென்னையில், “இருக்கறதே போதும்ப்பா, நீ வந்தாப் போதும்.” சரி என்று எதுவும் வாங்காமல் போனாலும் மனம் கேட்காது. வாங்கிக்கொண்டு போனால், “எவ்வளவு?” என்பதுதான் முதல் கேள்வி. விலையைப் பாதியாகக் குறைத்துச் சொன்னாலும், “ஏமாத்திட்டான்” என்பார்கள். பிறகு அந்தப் பெட்டி பீரோவுக்குள் போய்விடும்.

இந்தப் பரிசு விஷயத்தில் ஒவ்வொரு வருடமும் தோற்றுப்போகிறவர்களுக்குத்தான் இந்த வாரப் பகுதி.

‘வேண்டாம்’ என்றால் என்ன அர்த்தம்?

அப்பா அம்மா சொல்லும் ‘வேண்டாம்’ எல்லாம் ஒரே ‘வேண்டாம்’ இல்லை.

முதலாவது, காசு பற்றிய ‘வேண்டாம்’. ஒரு சம்பளத்தில் நான்கு பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்களுக்குத் தங்களுக்கென்று செலவு செய்தே பழக்கம் இருக்காது. பரிசைப் பார்த்ததும் மகனின் வீட்டுக்கடன்தான் ஞாபகத்துக்கு வரும்.

இரண்டாவது, ‘எனக்கு இதைப் பயன்படுத்தத் தெரியாது’ என்பதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுச் சொல்லும் ‘வேண்டாம்’. ஸ்மார்ட் வாட்ச், ஏர் ஃப்ரையர் எல்லாம் பெட்டியிலேயே கிடப்பதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது, ‘நான் அவ்வளவு கிழவனாகிவிட்டேனா?’ என்ற ‘வேண்டாம்’. நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் மனிதருக்குக் கைத்தடியைப் பரிசுத்தாளில் சுற்றிக் கொடுத்தால், அவர் வாங்கிக்கொள்வது கைத்தடியை மட்டுமல்ல.

நான்காவதுதான் சிரமமானது. இத்தனை வருடம் கொடுத்த கை, இப்போது வாங்கும் கையாக மாறிவிட்டதே என்ற ‘வேண்டாம்’. இதை எந்த அப்பாவும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்.

உங்கள் வீட்டு ‘வேண்டாம்’ இதில் எந்த வகை என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தெரியவில்லை என்றால், போன முறை வாங்கிக் கொடுத்தவை எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். பயன்பாட்டில் இருப்பது எது, பிரிக்காமல் இருப்பது எது, சித்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது எது? கடைக்குப் போகும் முன் பார்க்க வேண்டிய பட்டியல் அதுதான்.

புதுசு வேண்டாம், பழசைச் சரிசெய்து கொடுங்கள்

அம்மாவுக்குப் புது வேதாகமம் வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள் அதிகம். ஆனால், அம்மா தொடர்ந்து புரட்டுவது அந்தப் பழைய வேதாகமத்தைத்தான். அதன் முதல் பக்கத்தில் பிள்ளைகள் பிறந்த தேதியும், ஞானஸ்நானம் எடுத்த தேதியும், தாத்தா இறந்த தேதியும் எழுதியிருக்கும். முப்பது வருடம் கோடு போட்ட வசனங்கள் அதில் இருக்கும். அட்டை கிழிந்து செலோடேப்பில் நிற்கும் அந்தப் புத்தகத்தை பைண்டிங் கடையில் கொடுத்து, நல்ல அட்டை போட்டுக் கொடுங்கள். ஓரத்தை வெட்டும்போது எழுத்துகளும் குறிப்புகளும் போய்விடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட வேண்டும். டிசம்பர் கடைசியில் காலண்டர், டைரி வேலையில் பைண்டிங் கடைகள் மூழ்கிவிடும் என்பதால் முன்னதாகவே கொடுத்துவிடுவது நல்லது. எழுத்து சிறிதாகத் தெரிகிறது என்று அம்மா சொல்லியிருந்தால் மட்டும், பெரிய எழுத்துப் பதிப்பு ஒன்றைக் கூடுதலாக வாங்கி வையுங்கள். பழையதற்குப் பதிலாக என்று சொல்லிவிடாதீர்கள்.

இதே கணக்கில் சரிசெய்யக்கூடியவை வீட்டில் நிறைய இருக்கும். பெல்ட் அறுந்த தையல் மெஷின், சத்தம் வராத ரேடியோ, கல்யாணத்தில் போட்ட கைக்கடிகாரம், காற்று ஒழுகும் ஹார்மோனியம். செல்லரித்துப்போன கல்யாண போட்டோவை ஸ்டுடியோவில் சரிசெய்து, ஃப்ரேம் போட்டுத் தரலாம். “தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கலாம்” என்று பிள்ளைகள் சொல்லக் கேட்டுப் பழகியவர்களுக்கு, அதே பொருள் ஓடத் தொடங்குவது பெரிய சந்தோஷம். ‘வீண் செலவு’ என்ற வார்த்தையும் இங்கே வராது.

புடவையா? பிளவுஸோடு கொடுங்கள்

கிறிஸ்துமஸ் என்றால் புதுத்துணி இல்லாமல் முடியாது. ஆனால், அம்மாவுக்கு வாங்கிய புடவை அன்று காலை ஆராதனைக்கு ஏன் வருவதில்லை? பெரும்பாலும் பிளவுஸ் தைக்காததுதான் காரணம். டிசம்பர் இரண்டாவது வாரத்துக்குப் பிறகு எந்த டெய்லரும் துணி வாங்கமாட்டார். அம்மாவுக்குச் சரியாக இருக்கும் ஓர் அளவு பிளவுஸை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு போய், தைத்து, ஃபால்ஸ் அடித்து, கட்டத் தயாராகக் கொடுத்தால் அந்தப் புடவை பீரோவுக்குள் போகாது. பட்டுதான் மரியாதை என்று நினைக்க வேண்டாம். முழங்கால் வலியோடு இருப்பவர்களுக்குக் கனமில்லாத கைத்தறிப் பருத்தியோ, மதுரைச் சுங்குடியோதான் வசதி.

அப்பாவுக்கு வேட்டி என்றால், கை நடுக்கம் இருப்பவர்களுக்கு வெல்க்ரோ வைத்த ஒட்டும் வேட்டி உதவும். சட்டையில் பாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். பேனா, கண்ணாடி, போன், காணிக்கைக் கவர் எல்லாம் அதில்தான் போக வேண்டும். மார்கழிக் குளிரில் அதிகாலை ஆராதனைக்குக் கிளம்புபவர்களுக்கு ஸ்வெட்டர், சால்வை, குல்லா ஆகியவை வருடாவருடம் பயன்படும்.

‘உங்களுக்கு’ என்று சொல்லாதீர்கள், ‘வீட்டுக்கு’ என்று சொல்லுங்கள்

பாத்ரூம் சுவரில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, வழுக்காத மேட், இரவில் தானாக எரியும் சின்ன விளக்கு. வயதானவர்கள் விழாமல் தடுப்பதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால், “அப்பா, நீங்க விழுந்துடக் கூடாதுன்னு வாங்கினேன்” என்று சொன்னால் அன்றைக்கே சண்டை. “வீட்டுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கு, ஆள் வர்றாங்க” என்று சொல்லி மாட்டிவிடுங்கள். யாருக்காக என்ற பேச்சே வராது.

பிரஷர் பார்க்கும் மெஷின் வாங்குவதாக இருந்தால், மணிக்கட்டில் கட்டுவதைவிட மேல்கையில் கட்டும் வகைதான் நம்பகமானது. கண்ணாடி வாங்கிக் கொடுக்க நினைப்பவர்கள், முதலில் கண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். கண்புரை முற்றியிருந்தால் எத்தனை கண்ணாடி மாற்றினாலும் பார்வை தெளியாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு டாக்டரிடம் கேட்டு எம்.சி.ஆர் செருப்பு வாங்கலாம். இவற்றைப் பண்டிகை நாளில் எல்லார் முன்னிலையிலும் பிரித்துக்காட்ட வேண்டியதில்லை. ஒரு வாரம் முன்பே கொடுத்துவிட்டு, பண்டிகை அன்று வேறு ஏதாவது சின்னதாகக் கொடுங்கள்.

சர்க்கரை இருக்கிறது என்பதற்காக ‘சுகர் ஃப்ரீ’ என்று எழுதிய இனிப்புப் பெட்டியை வாங்கிக் குவிக்காதீர்கள். அதிலும் மைதாவும் நெய்யும் இருக்கும். மற்றவர்கள் சாப்பிடும் அதே பிளம் கேக்கில் சின்னத் துண்டு கொடுத்து, கூடவே உட்கார்ந்து சாப்பிடுவது மேல்.

கொடுக்கிற இடத்தில் உட்காரவையுங்கள்

கிறிஸ்துமஸ் மாதம், பெரியவர்கள் கொடுக்க வேண்டிய மாதம். கீதபவனி வருபவர்களுக்குக் கவர் கொடுக்க வேண்டும். பேரப்பிள்ளைகள் ஆராதனை முடிந்து வந்து ஆசீர்வாதம் கேட்டால் கையில் ஏதாவது வைக்க வேண்டும். தபால்காரர், வீட்டு வேலைக்கு வருபவர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று பட்டியல் நீளும். ஓய்வூதியம் இல்லாத பெற்றோருக்கு இந்த மாதம் மனதுக்குள் ஒரு நெருக்கடி. பேரன் முன்னால் வெறுங்கையோடு நிற்கக் கூடாதே என்பதற்காகவே, “உடம்பு முடியல, இந்த வருஷம் ஊருக்கு வரல” என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு.

அதனால், பத்து நாள் முன்பே பேங்கில் சொல்லிவைத்து, புது ஐம்பது, நூறு ரூபாய் நோட்டுகள் ஒரு கட்டு வாங்குங்கள். கூடவே நல்ல கவர்கள் ஒரு பாக்கெட். மருமகள், மருமகன், பிள்ளைகள் யாரும் இல்லாத நேரத்தில் கையில் கொடுத்து, “இது உங்க கணக்கு. நீங்க யாருக்குக் கொடுத்தாலும் சரி” என்று சொல்லிவிடுங்கள். கணக்கு கேட்காதீர்கள். யாருக்கு எவ்வளவு என்று அப்பா ஒரு முழு சாயங்காலம் உட்கார்ந்து எழுதுவார். “வேண்டாம்” சொல்லும் நான்காவது வகைப் பெற்றோருக்கு இதைவிடப் பொருத்தமான பரிசு கிடைப்பது கடினம்.

தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் சபைகளில் நடக்கும் அசன விருந்துக்கு அப்பா பெயரில் அரிசியோ, பணமோ கொடுப்பதும் இதே வகைதான். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு போக முடியாமல் இருக்கும் அம்மாவை அழைத்துப்போவதும் அப்படித்தான். அவர் வாக்குக் கொடுத்ததை அவரே நிறைவேற்ற, நீங்கள் வண்டி ஏற்பாடு செய்கிறீர்கள், அவ்வளவுதான்.

போன் கொடுத்தால், இரண்டு மணி நேரமும் சேர்த்துக் கொடுங்கள்

ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுப்பதாக இருந்தால், பெட்டியோடு கொடுத்துவிட்டுக் கிளம்பாதீர்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள். பிள்ளைகளின் எண்களை முகப்புத் திரையில் படத்தோடு வையுங்கள். தமிழில் பேசினால் தட்டச்சு ஆகும் வசதியைச் சொல்லிக் கொடுங்கள். பண்டிகைக் காலத்தில் ‘உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது’ என்று லிங்க் வரும், தொடக் கூடாது, ஓ.டி.பி-யை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்று பேப்பரில் எழுதி சுவரில் ஒட்டுங்கள். பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டில்

அப்பாவோ அம்மாவோ இறந்த பிறகு வரும் முதல் கிறிஸ்துமஸில், பல வீடுகளில் ஸ்டார் கட்டமாட்டார்கள். பலகாரம் சுடமாட்டார்கள். இருப்பவருக்கு அந்த நேரத்தில் எந்தப் பொருளைக் கொடுத்தாலும் கையில் ஒட்டாது. அதற்கு முன்தினம் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போங்கள். புல்லைச் செதுக்கி, வெள்ளை அடித்து, பூ வைத்துவிட்டு வாருங்கள். போகும்போதும் வரும்போதும் அவர் பேசுவதை நடுவில் வெட்டாமல் கேளுங்கள். “அழாதீங்க” என்று சொல்ல அவசரப்படாதீர்கள். மறுநாள் முறுக்கும் அதிரசமும் உங்கள் வீட்டிலிருந்து போகட்டும். தனியாக இருப்பவர் அதிகாலை ஆராதனைக்குப் போய்வர ஆட்டோ ஒன்றை முந்தின நாளே பேசி வைத்துவிடுங்கள். பைக்கில் ஏற முடியாது என்பதை வெளியே சொல்லாமல், “டி.வி-யில பாத்துக்கறேன்” என்று சொல்லும் பெரியவர்கள் நிறையப் பேர்.

வருகிறேன் என்றால், டிக்கெட்டைக் காட்டுங்கள்

“நீ வந்தாப் போதும்” என்பதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பு திறக்கிறது. டிசம்பர் 23-ம் தேதி ஊருக்குப் போக வேண்டும் என்றால், அக்டோபர் கடைசி வாரத்திலேயே டிக்கெட் போட்டாக வேண்டும். போட்டதும் அதை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். இரண்டு மாதம் எதிர்பார்த்திருக்க ஒரு காரணம் கிடைக்கும். அவர்களை உங்கள் ஊருக்கு வரவழைப்பதாக இருந்தால், அவர்கள் இருவருக்கும் தனி டிக்கெட் போடுங்கள். 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் உள்ள கீழ் பெர்த் ஒதுக்கீடு, தனியாகவோ இருவராகவோ ஒரே டிக்கெட்டில் போகும்போதுதான் கிடைக்கும். மூன்றாவது பெயரைச் சேர்த்தால் அந்த ஒதுக்கீட்டில் போட முடியாது.

கடைசியாக ஒன்று. இவ்வளவு யோசித்து வாங்கிய பொருளை, ஜனவரி முதல் வாரத்தில் அம்மா தன் தங்கைக்கோ, சபையில் கஷ்டப்படும் யாருக்கோ கொடுத்திருக்கலாம். கோபப்படாதீர்கள். கொடுத்த பிறகு அது அம்மாவின் பொருள். யாருக்குக் கொடுத்தார், அவர் என்ன சொன்னார் என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கதையைச் சொல்லும்போது அவர் முகத்தைக் கவனித்தால், அடுத்த வருடம் என்ன வாங்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.