முதல் படகு சிறியதாக இருக்கட்டும்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் என்னுடன் படிக்கும் நண்பனுக்கு ஒரு கனவு. வேலையில் சேர்ந்ததும் சொந்தமாகப் பாய்மரப் படகு வாங்க வேண்டும். யாரையும் எதிர்பார்க்காமல் தனியாகக் கடலுக்குப் போக வேண்டும். அண்மையில் ஒரு பழைய படகின் படத்தைக் கைப்பேசியில் காட்டினான். ஆறு மீட்டர் நீளம், இரண்டு பாய்கள், உள்ளே படுக்க ஒரு சிறு அறை, காரில் இழுத்துச் செல்ல டிரெய்லர்.

“பாய்மரத்தைத் தனியாக நிறுத்த முடியுமா?” என்று கேட்டேன்.

“அதற்கு மட்டும் இன்னொருவர் வேண்டுமாம்,” என்றான்.

அங்கேயே கனவு பாதி கலைந்துவிடுகிறது. தனியாகப் படகோட்டுவது கடலில் தொடங்குவதில்லை, கரையிலேயே தொடங்குகிறது. பாய்மரத்தைப் பொருத்துவது, படகை நீரில் இறக்குவது, கவிழ்ந்தால் நிமிர்த்துவது, மீண்டும் கரையேற்றுவது ஆகிய நான்கையும் நம் கைகளே செய்ய முடிய வேண்டும். ஒன்றுக்கு இன்னொருவர் தேவைப்பட்டாலும், அவருக்கு நேரம் கிடைக்கும் நாளில்தான் நமக்குக் கடல்.

இந்தச் சோதனையில் தேறும் படகு ஒன்று இங்கேயே இருக்கிறது. கனடாவின் புரூஸ் கர்பி வடிவமைத்து, 1970களின் தொடக்கத்தில் ‘லேசர்’ என்ற பெயரில் அறிமுகமான படகு அது. இப்போது ‘இல்கா’ என்று அழைக்கப்படுகிறது. நீளம் சுமார் 4.2 மீட்டர், வெற்றுப் படகின் எடை ஏறத்தாழ 60 கிலோ. பாய்மரம் இரண்டு துண்டுகளாக வரும். அவற்றை ஒன்றாகச் செருகி, பாயை உறைபோல் மாட்டி, படகிலுள்ள குழியில் நிறுத்தினால் போதும். இழுத்துக் கட்டக் கம்பிகள் இல்லை. சிறிய தள்ளுவண்டியில் வைத்து ஒருவரே நீருக்குள் இறக்கிவிடலாம்.

முதன்முறை கவிழ்ந்தபோது எனக்கு உதறல் எடுத்தது. பயிற்றுநர் சொல்லித் தந்தபடி பாய்க்கயிற்றைத் தளர்த்தினேன். படகின் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பலகையில் ஏறி நின்று பின்னால் சாய்ந்தேன். பாய் மெல்ல நீரைவிட்டு எழுந்தது. அன்று வந்த தன்னம்பிக்கையை எந்தப் பெரிய படகும் தந்திருக்காது.

சிறிய படகு என்றால் சிறுபிள்ளை விளையாட்டு என்று எண்ண வேண்டாம். 1996 முதல் இது ஒலிம்பிக் படகு. ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் சிங்கப்பூரின் ரயன் லோ தங்கம் வென்றதும் இவ்வகைப் படகில்தான். ஏறத்தாழ 4.7, 5.8, 7 சதுர மீட்டர் என மூன்று அளவுப் பாய்கள் உண்டு. உடல் எடை கூடும்போது பாயையும் பாய்மரத்தின் கீழ்த்துண்டையும் மாற்றினால் போதும். படகை மாற்ற வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. உடல் நனையாமல் ஓட்டவே முடியாது. காற்று வலுத்தால் நடுக்கடலில் பாயை எளிதில் சுருக்க முடியாது. நம் பகுதியில் ‘சுமத்ரா’ சூறைக்காற்று திடீரென வீசும் என்பதால், கிளம்பும் முன்பே வானிலையைப் பார்த்துப் பாயைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடியில் எடை பொருத்திய பெரிய படகு எளிதில் கவிழாது என்பதும் உண்மை. குடும்பத்தோடு செல்ல அதுவே நல்லது. ஆனால், அதை இழுக்கக் கார் வேண்டும். சிஓஇ விலையைக் கேட்டாலே மாணவர்களுக்குத் தலைசுற்றும்!

ஆகவே, விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும். முதலில் முறையாகப் பயிற்சி பெறுங்கள். வாடகைப் படகில் சில மாதங்கள் ஓட்டிப் பாருங்கள். பிறகு வாங்குவதைப் பற்றி யோசியுங்கள். மிதவை அங்கி அணியாமலும், எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லாமலும் கிளம்பாதீர்கள். தனியாகப் போவது வேறு, யாருக்கும் தெரியாமல் போவது வேறு.

நண்பன் இன்னும் அந்தப் படத்தை அழிக்கவில்லை. ஆனால், அடுத்த சனிக்கிழமைப் பயிற்சி வகுப்புக்கு என்னுடன் வரச் சம்மதித்துவிட்டான்.