சீபெனலும் துண்டுச் சீட்டும்

ஹட்டனில் பழைய மாணவர் சங்கம் இணையத்தளம் தொடங்க நினைத்தாலும் சரி, நல்லதண்ணியில் சிவனொளிபாதமலை சீசனுக்கு அறை விடுபவர் நினைத்தாலும் சரி, என்னிடம் வரும் முதல் கேள்வி ஒன்றுதான்: "சீபெனல் இருக்குதானே சேர்?" தளத்தில் என்ன போடப்போகிறோம், படங்களை யார் மாற்றுவார், அடுத்த வருடத் தவணையை யார் கட்டுவார் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்தக் கேள்வி சும்மா வருவதில்லை. சீபெனல்தான் தரம், இலவசப் பெனல்களில் பாதுகாப்பு கிடையாது, நாளைக்கு வேறு இடத்துக்கு மாறுவதென்றால் சீபெனல் இருந்தால்தான் முடியும், காசு கட்டினால்தான் பதில் சொல்ல ஆள் இருக்கும். கொழும்பில் கோர்ஸ் முடித்து வரும் பிள்ளைகளும் இதையே சொல்கிறார்கள், ஹோஸ்டிங் விற்பவர்களும் இதையே சொல்கிறார்கள். ஒரு காலத்தில் நானும் சொன்னேன். இப்போது சொல்வதில்லை.

பெனல் என்றால் என்ன? தோட்டத்துக் கணக்கில் அது கங்காணி. கொழுந்து பறிப்பது வேறு ஆட்கள். பக்கத்தை எடுத்துக் கொடுப்பது அபாச்சி அல்லது என்ஜின்எக்ஸ். தரவை வைத்திருப்பது மரியாடிபி. மின்னஞ்சலை அனுப்புவது எக்ஸிம். பெனல் பெரட்டுக் களத்தில் நின்று யார் எந்த மலைக்கு என்று பிரித்துவிடுகிறது, அவ்வளவுதான். வேலைக்கு இறங்கும் அத்தனை பேரும் இலவச மென்பொருள்கள். மாதா மாதம் நாம் கட்டும் உரிமக் காசு கங்காணிக்கு மட்டும் போகிறது.

'தரம்' என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். 1996இல் அமெரிக்காவில் நிக் கோஸ்டன் எழுதத் தொடங்கியது சீபெனல். நல்ல சரக்கு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. 2018இல் ஓக்லி கெபிட்டல் என்ற முதலீட்டு நிறுவனம் அதை வாங்கியது. முந்திய வருடமே ப்ளெஸ்க் என்ற இன்னொரு பெனலும் அதன் கைக்குப் போயிருந்தது. இன்று இரண்டும் வெப்ப்ரோஸ் என்ற ஒரே குழுமம். ஆகவே சீபெனலா ப்ளெஸ்க்கா என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் ஒரே முதலாளியின் இரண்டு கடை வாசல்களில் நிற்கிறார்கள்.

அதுவரை தனிச் சேர்வர் ஒன்றுக்குச் சீபெனல் உரிமம் மாதம் 45 டொலர். எத்தனை கணக்கு வைத்தாலும் அதே விலை. 2019 செப்டெம்பரில் அது மாறியது. 45 டொலருக்கு 100 கணக்கு, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 20 சதம். 400 கணக்கு வைத்திருந்தவருக்குச் செலவு 105 டொலர் ஆனது. பழைய கங்காணிமார் வேலைக்கு இறங்கிய ஆளை எண்ணித் தலைக்காசு வாங்கினார்களே, அதே கணக்கு. அதன் பிறகும் விலை ஏறித்தான் வருகிறது.

டொலரில் ஏறும் விலை நமக்கு இரண்டு தடவை ஏறும். ஒரே ஒரு கணக்குக்கான உரிமம் 2019இல் 15 டொலர். அந்த விலையையே வைத்துக்கொள்ளுங்கள். 2022 தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாய், ஆக 3,000. மே மாதம் டொலர் 360ஐத் தொட்டபோது அதே உரிமம் 5,400. அப்போது தோட்டத்தில் நாள் சம்பளம் 1,000 ரூபாய். மூன்று பேர் காசு ஐந்தரைப் பேர் காசாகிவிட்டது.

அந்தச் சீசனில்தான் எனக்குப் புத்தி வந்தது. தெரிந்தவர் ஒருவரின் விடுதித் தளத்தை வெளிநாட்டுச் சேர்வரில் வைத்து, மாதக் கட்டணப் பெனல் ஒன்றைப் போட்டிருந்தேன். நாட்டில் டொலர் இல்லை, அட்டை வெளிநாட்டுக் கொடுப்பனவை ஏற்கவில்லை, உரிமம் காலாவதியானது. பெனலுக்குள் போக முடியவில்லை. ஆனால் தளம் பாட்டுக்கு ஓடியது, படங்கள் வந்தன, அறை கேட்டு மின்னஞ்சலும் வந்தது. கங்காணி வராத நாளிலும் கொழுந்து நிறுக்கப்பட்டது! பிறகு வெர்ச்சுவல்மின் என்ற இலவசப் பெனலுக்கு மாற்றினேன். விடுதிக்காரர் இன்றுவரை வித்தியாசம் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

அடுத்தது பாதுகாப்பு. இலவசப் பெனலில் ஓட்டை கிடையாது என்று நான் சாதிக்க வரவில்லை. 2018இல் வெஸ்டா என்ற இலவசப் பெனலின் நிறுவல் நிரலையே யாரோ மாற்றி, புதிதாக நிறுவியவர்களின் கடவுச்சொற்களைத் திருடினார்கள். நான் பாவிக்கும் வெர்ச்சுவல்மின்னுக்கு அடித்தளமான வெப்மினில் 2019இல் ஒரு பின்கதவு கண்டுபிடிக்கப்பட்டது. 2024 ஒக்டோபரில் சைபர்பெனல் ஓடிய சேர்வர்கள் இருபதாயிரத்துக்கு மேல் திறந்து கிடந்தன. புகுந்தவர்கள் கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்டார்கள். இவற்றைக் காட்டித்தான் நம்மைப் பயமுறுத்துகிறார்கள். ஆனால் 2023இல் சீபெனலிலும் ஓர் ஓட்டையை அசெட்நோட் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டதை அவர்கள் சொல்வதில்லை. வெளியே தெரியும்படி இருந்த சீபெனல்கள் சுமார் 14 இலட்சம் என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு. திருத்தம் முன்கூட்டியே வந்துவிட்டதால், தானாகப் புதுப்பிக்கும்படி விட்டவர்கள் தப்பினார்கள். ஆளைக் காப்பாற்றியது புதுப்பிப்பு, விலைச்சீட்டு அல்ல.

மலையகத்துக்காரர் மறக்கக் கூடாத ஒரு சம்பவமும் உண்டு. 2021 பெப்ரவரி 6ஆம் திகதி காலை கூகிளின் இலங்கை முகவரி உட்படச் சில '.எல்கே' முகவரிகளுக்குப் போனவர்கள் முன்பின் தெரியாத ஒரு பக்கத்தில் போய் விழுந்தார்கள். அதில் எழுதியிருந்த குறைகளில் தேயிலைத் தோட்டப் பிரச்சினையும் ஒன்று. ஆயிரம் ரூபாய்ச் சம்பளப் போராட்டம் சூடாக இருந்த நேரம். யார் செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்ற கதை இங்கே வேண்டாம். கவனிக்க வேண்டியது, கூகிளின் சேர்வரில் எதுவும் உடையவில்லை என்பதுதான். டொமைன் பதிவகத்தில் இருந்த வழிகாட்டிப் பலகையை யாரோ திருப்பிவிட்டார்கள். அந்த இடத்தில் சீபெனலும் ஒன்றுதான், ஹெஸ்டியா என்ற இலவசப் பெனலும் ஒன்றுதான்.

காசு கொடுத்தால் பாதுகாப்பு என்பவர்களுக்கு 2023 ஓகஸ்ட் போதும். அரசாங்க மின்னஞ்சல் முறைமை தாக்கப்பட்டு, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் அழிந்தன. அந்தக் காலத்துக்குப் பெக்கப் இருக்கவில்லை. அங்கே ஓடியது இலவசச் சரக்கல்ல, மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச். ஆனால் பழசாகிப்போன 2013 பதிப்பு.

இனி, இடம் மாறும் கதை. சீபெனலிலிருந்து இன்னொரு சீபெனலுக்கு மாறுவது சுலபம், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக வேறு வழியே இல்லை என்பது பொய். சீபெனலின் பெக்கப் கோப்பை டிரெக்ட்அட்மின் என்ற பெனலும் வெர்ச்சுவல்மின்னும் எடுத்துக்கொள்கின்றன. ப்ளெஸ்க்குக்கும் இடமாற்றுக் கருவி இருக்கிறது. எதுவும் இல்லாவிட்டாலும் என்ன? வேர்ட்பிரஸ் தளம் என்பது ஒரு கோப்புறையும் ஒரு தரவுத்தளக் கோப்பும்தான். இரண்டையும் இறக்கி எங்கே வேண்டுமானாலும் ஏற்றலாம்.

நம்மைக் கட்டிப்போடும் கயிறு வேறு இடத்தில் இருக்கிறது. துண்டு முறை பற்றி வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்த ஆளுக்கு இவ்வளவு கடன், அதைத் தீர்த்தால் விட்டுவிடச் சம்மதம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. அது கையில் இல்லாமல் அடுத்த தோட்டத்தில் பேர் பதிய முடியாது. 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை நிறுத்தினார்கள். நம் பூட்டன்மார் பட்ட பாட்டை ஒரு மென்பொருளோடு சேர்த்துப் பேச எனக்கும் கூச்சம்தான். ஆனாலும் இந்தக் காலத்துத் துண்டு எது என்றால், டொமைன் யார் பெயரில் பதிந்திருக்கிறது என்பதுதான். தளம் செய்து கொடுத்த தம்பி தன் பெயரிலும் தன் ஜிமெயிலிலும் பதிந்துவிட்டு கட்டாருக்குப் போய்விடுவார். தவணை முடியும். ஞாபகக் கடிதம் அவருடைய பெட்டிக்குப் போகும். சங்கத் தலைவர் என்னிடம் வந்து, "சீபெனல் பாஸ்வேர்ட் எங்ககிட்ட இருக்கு சேர், இருந்தும் சைட்டக் காணோமே" என்பார். எங்கள் பக்கம் நான் தீர்க்கப்போன தகராறுகளில் பெரும்பாலானவை இப்படித்தான். பெனலால் வந்தது என்று ஒன்றுகூட ஞாபகம் இல்லை.

காசு கட்டினால் பதில் கிடைக்கும் என்பதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹோஸ்டிங் கடைக்காரர் வழியாக உரிமம் வாங்கினால், முதலில் உதவி கேட்க வேண்டியது அவரிடம்தான், சீபெனல் நிறுவனத்திடம் அல்ல. பதில் நல்லதா கெட்டதா என்பது அந்தக் கடைக்காரரைப் பொறுத்தது.

அப்படியானால் சீபெனலே வேண்டாமா? பகிர்வு ஹோஸ்டிங்கில் ஒரு தளம் மட்டும் வைப்பவருக்கு அது பொதியோடு சேர்ந்தே வரும்; தாராளமாகப் பாவியுங்கள். ரூபாயில் பில் போடும் உள்ளூர்க்காரராக இருந்தால் இன்னும் நல்லது. சொந்தமாக வி.பி.எஸ். எனும் மெய்நிகர்ச் சேர்வர் எடுப்பவருக்கு, வெஸ்டாவிலிருந்து பிரிந்து வந்த ஹெஸ்டியா 1 ஜி.பி. நினைவகத்திலும், வைரஸ் வடிகட்டிகளை விட்டுவிட்டால், ஓடும். டெபியன் அல்லது உபுண்டு வேண்டும். வாரம் ஒருமுறை உள்ளே போய்ப் புதுப்பிப்புகளைப் பார்க்க ஓர் ஆளும் வேண்டும். அந்த ஆள் இல்லையென்றால் வி.பி.எஸ். எடுக்கவே கூடாது, எந்தப் பெனல் போட்டாலும் சரி. இதில் மட்டும் நான் பிடிவாதக்காரன்.

அடுத்த தவணைக்கு அட்டையை எடுக்குமுன் இரண்டு வேலை செய்யுங்கள். டொமைன் உங்கள் சங்கத்தின் பெயரில், சங்கத்தின் மின்னஞ்சலில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பெக்கப் கோப்பை இறக்கி, வேறொரு கணினியில் விரித்து, முதல் பக்கமாவது வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் காசு கட்டாதீர்கள். முதலில் கடைக்காரருக்குக் கோல் எடுங்கள்.