"போனில் வைரஸ்!" என்று மிரட்டும் பொய்

கோதையாற்றில் வெள்ளம் பெருகினால், திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை விதிப்பது வழக்கம். "இறங்காதே!" என்று சொல்லித் தடுப்பார்கள். அந்த எச்சரிக்கைக்குக் காசு கிடையாது. அது உயிரைக் காக்கும் எச்சரிக்கை.

இன்று இன்னொரு வகை எச்சரிக்கையும் வருகிறது. கையில் இருக்கும் செல்போனில் வருகிறது. திடீரென்று திரை சிவக்கிறது. மணி அடிக்கிறது. "உங்கள் போனில் 4 வைரஸ்கள் உள்ளன. 2 நிமிடத்தில் சுத்தம் செய்யாவிட்டால் எல்லாம் அழிந்துவிடும். உடனே இங்கே அழுத்தவும்!" என்று எழுத்துகள் ஓடுகின்றன.

இது காக்கும் எச்சரிக்கை அல்ல. பணம் பறிக்கும் பொறி!

ஒரு வீட்டுக் காட்சி

திற்பரப்பைச் சுற்றி ரப்பர் தோட்டங்கள் நிறைய. அங்கே ஒரு தொழிலாளியின் வீட்டை எண்ணிப் பாருங்கள்.

அப்பா விடியும் முன்பே ரப்பர் பால் வெட்டப் போய்விட்டார். போன் வீட்டில் இருக்கிறது. அம்மா ஒரு பக்திப் பாட்டைத் தேடுகிறார். அப்போது அந்தச் சிவப்புத் திரை தோன்றுகிறது.

அம்மா பெரிய படிப்புப் படித்தவர் அல்ல. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். "அழிந்துவிடும்" என்ற சொல்லை வாசித்ததும் அவர் நெஞ்சு படபடக்கிறது. பேரப்பிள்ளையின் படம் எல்லாம் அந்தப் போனில்தான் இருக்கிறது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குச் சேர்த்த பணமும் அந்தப் போன் வழியாகத்தான் வங்கியில் கிடக்கிறது.

அழுத்துகிறார். "சுத்தம் செய்யும் ஆப்" ஒன்று இறங்குகிறது. "அனுமதி தருகிறீர்களா?" என்று அது 4 முறை கேட்கிறது. 4 முறையும் "சரி" என்கிறார். மணிச் சத்தம் நின்றுவிடுகிறது.

"அப்பாடா, வைரஸ் ஒழிந்தது!" என்று பெருமூச்சு விடுகிறார்.

உண்மை என்ன? அதுவரை போனில் வைரஸ் இல்லை. அப்போதுதான் அது உள்ளே நுழைந்தது!

ஏமாற்றும் விதம்

ஓர் இணையப் பக்கத்தால் போனுக்குள் புகுந்து வைரஸ் இருக்கிறதா என்று சோதிக்க முடியாது. இதை எல்லோரும் மனதில் பதிக்க வேண்டும். சோதிப்பதுபோல் ஓடும் கோடும், ஏறும் எண்ணும் வெறும் படம்.

"என் போனின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்கிறதே?" என்று சிலர் கேட்கலாம். அதில் மந்திரம் இல்லை. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், இது இன்ன வகைப் போன் என்று பிரவுசரே அந்தப் பக்கத்துக்குத் தெரிவிப்பது உண்டு. அதை எடுத்து நம்மிடமே சொல்லி நம்மை மிரட்டுகிறார்கள்.

அப்படி இறங்கும் ஆப் என்ன செய்யும்? போனுக்கு வரும் குறுஞ்செய்திகளைப் படிக்கும். வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண்ணைத் திருடனுக்கு அனுப்பும். "அணுகல்தன்மை" என்ற அனுமதியைக் கொடுத்துவிட்டால் இன்னும் மோசம். திரையில் தெரிவதை எல்லாம் அது பார்க்கும். நம் விரல் படாமலே பொத்தான்களை அழுத்தும்.

உலகெங்கும் இதே கதை

படிக்காதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று நினைப்பது தவறு.

2021-ம் ஆண்டில் "புளூபாட்" என்ற வைரஸ் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆண்ட்ராய்டு போன்களில் பரவியது. "உங்களுக்குப் பார்சல் வந்திருக்கிறது" என்று குறுஞ்செய்தி வரும். அதை நம்பி அழுத்தியவர்கள் சிக்கினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் நியூசிலாந்தில் அது வேறு வேடம் போட்டது. "உங்கள் போனில் புளூபாட் வைரஸ் புகுந்துவிட்டது. அதை நீக்க இதை இறக்குங்கள்" என்றது. இறக்கினால் வருவது புளூபாட்! திருடனே "திருடன், திருடன்" என்று கத்திக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்த கதை இது. 11 நாடுகளின் போலீசார் சேர்ந்து வேலை செய்து, 2022-ல் அதை முடக்கினார்கள்.

நம் நாட்டிலிருந்தும் இந்தத் தொழிலைச் சிலர் நடத்தினார்கள். கம்ப்யூட்டர் திரையில் பொய் எச்சரிக்கை காட்டி, அதில் ஒரு டெலிபோன் எண்ணைக் கொடுப்பார்கள். பயந்து கூப்பிட்டவர்களிடம் பணம் கறப்பார்கள். வெளிநாட்டினர் பலர் பணத்தை இழந்தனர். மைக்ரோசாப்ட், அமேசான் நிறுவனங்கள் புகார் கொடுத்தன. 2023 அக்டோபரில் "ஆபரேஷன் சக்ரா-2" என்ற பெயரில் சி.பி.ஐ. 76 இடங்களில் சோதனை போட்டபோது, இந்த வழக்குகளும் அதில் இருந்தன.

அமெரிக்காவில் இருப்பவரும் ஏமாறுகிறார். அருவிக்கரையில் இருப்பவரும் ஏமாறுகிறார். காரணம் படிப்புக் குறைவு அல்ல. பயம்!

என்ன செய்ய வேண்டும்?

சிவப்புத் திரை வந்தால் முதல் வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பது. அதில் எதையும் தொடக்கூடாது. மூடுவதற்கென்று மூலையில் உள்ள பெருக்கல் குறியையும் தொடக்கூடாது. அதுவும் பொறியாக இருக்கலாம்.

போனின் ஹோம் பொத்தானை அழுத்தி வெளியே வாருங்கள். திறந்திருக்கும் ஆப்களின் வரிசையில், அந்தப் பிரவுசரைத் தள்ளி மூடுங்கள். பெரும்பாலும் தொல்லை இதோடு தீரும்.

மீண்டும் மீண்டும் அறிவிப்பு வருகிறதா? எப்போதோ ஒரு பக்கத்துக்கு "அறிவிப்பு அனுப்பலாம்" என்று அனுமதி கொடுத்திருப்பீர்கள். பிரவுசரின் செட்டிங்சில் அந்த அனுமதியை நீக்குங்கள். பழைய பக்கங்களின் பதிவுகளையும் அழித்துவிடுங்கள்.

ஆப் வேண்டுமானால் பிளே ஸ்டோரில் மட்டும் இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் வரும் கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதச் சீட்டு, வங்கி அறிவிப்பு ஆகியவற்றின் பெயர் "ஏ.பி.கே." என்று முடிந்தால் திறக்காதீர்கள். கல்யாணப் பத்திரிகை படமாக வரும், ஆப்பாக வராது.

அழுத்திவிட்டால்?

அழுதுகொண்டு உட்கார நேரம் இல்லை. உடனே மொபைல் டேட்டா, வைபை இரண்டையும் நிறுத்துங்கள். வேறு ஒரு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்குங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். இணையக் குற்றங்களால் பணம் இழந்தவர்களுக்காக அரசு வைத்துள்ள எண் இது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

பிறகு புதிதாக வந்த ஆப்பை நீக்குங்கள். நீங்க மறுத்தால் போனை "சேப் மோட்" முறையில் திறந்து நீக்கலாம். பிளே ஸ்டோரில் "பிளே புரொடெக்ட்" என்ற சோதனை இருக்கிறது. அதையும் நடத்துங்கள். அப்படியும் சந்தேகம் தீராவிட்டால், படங்களை வேறு இடத்தில் சேமித்துக்கொண்டு, போனை வாங்கியபோது இருந்த நிலைக்கு மாற்றிவிடுவதே நல்லது. கடவுச்சொற்களை வேறு போனில் இருந்து மாற்றுங்கள்.

திட்டாதீர்கள்!

மீண்டும் அந்த வீட்டுக்கு வருவோம். மாலையில் மகள் போனைப் பார்க்கிறாள். ஏதோ சரியில்லை.

"அம்மா, இதில எதையாவது தொட்டியா?" என்று அதட்டுகிறாள்.

"ஒண்ணும் தொடல்ல மக்களே" என்கிறார் அம்மா.

ஏன் மறைத்தார்? திட்டுவார்களே என்ற பயம். அந்த ஒரு பொய்யால் ஓர் இரவு வீணாயிற்று. திருடனுக்கு அந்த ஓர் இரவு போதும். மகளின் கட்டணப் பணம் காலையில் இல்லை.

இங்கேதான் குடும்பத்தின் கடமை இருக்கிறது. ஏமாந்தவரைத் திட்டும் வீட்டில், அடுத்த முறை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். "தெரியாமல் தொட்டுவிட்டேன்" என்று அம்மா உடனே சொல்லும்படி வீடு இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய பாதுகாப்பு எந்த ஆப்பிலும் கிடையாது.

அரசும் வங்கியும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் பெற்றது கன்னியாகுமரி மாவட்டம். 100 பேரில் 91 பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். இது பெருமைதான். ஆனால் எழுத்தில் கண்டதை எல்லாம் நம்புவது எழுத்தறிவு ஆகாது. எதை நம்பக்கூடாது என்று தெரிவதும் படிப்பின் பகுதியே.

அதைச் சொல்லிக் கொடுப்பது யார்? வங்கிகள் ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கக்கூடாது. எளிய தமிழில் எச்சரிக்க வேண்டும். கிராம சபைக் கூட்டத்திலும், மகளிர் குழுவிலும், ரேஷன் கடை வாசலிலும் 1930 என்ற எண் கண்ணில் பட வேண்டும்.

ஆள் மாறாட்டம் செய்து கம்ப்யூட்டர் மூலம் ஏமாற்றுவோருக்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவு 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. சட்டம் இருக்கிறது. புகார் கொடுக்க மக்கள் வெட்கப்படக்கூடாது.

அருவியில் தடுப்பவர் "நில்!" என்கிறார். போனில் வரும் பொய்யோ "வா, அழுத்து, சீக்கிரம்!" என்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

அவசரப்படுத்தினால் நில்லுங்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பிள்ளைகளே, பொறுமையாகப் பாருங்கள்!