மாட்டுப் பொங்கலன்று மாட்டுக்கு எவ்வளவு பொங்கல்?

மார்கழிப் பனிக்கு எங்கள் நாய் அடுப்புச் சாம்பலில் சுருண்டுகொள்ளும். கன்றுக்குட்டிக்கு வைக்கோலைத் தடிமனாகப் பரப்பி, மேலே சாக்கு போட்டுவிடுகிறேன். ஈரத்தரையில் படுக்காமல் இருந்தால் நம்ம ஊர்க் குளிரை அது தாங்கிவிடும். எனக்குப் பயமெல்லாம் பண்டிகைதான்.

தீபாவளி வெடிக்குக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு நேரம் குறித்திருக்கிறது. அந்த நேரத்தில் நாயைச் சங்கிலியில் கட்டாமல் உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்தினால் சமாளித்துக்கொள்ளும். பொங்கல் அப்படியில்லை. அன்று நாம் பாசத்தாலேயே கொல்கிறோம்.

சொந்தக் கதைதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் மாட்டுப் பொங்கலுக்குப் பேரப்பிள்ளைகள் வந்திருந்தார்கள். என் பசுவுக்கு ஆளுக்கொரு இலையில் பொங்கல் ஊட்டினார்கள். பக்கத்து வீடுகளிலிருந்தும் வந்தது. 30 வருஷம் கணக்கு எழுதியே பிழைத்தவன், அன்றைக்குக் கணக்கு வைக்கவில்லை. மறுநாள் காலையில் மாடு அசைபோடவில்லை. வாலில் புளித்த வாடையோடு கழிச்சல். 'செரிமானக் கோளாறு, சரியாயிடும்' என்று சாயந்திரம் வரை இருந்துவிட்டேன். டாக்டர் வந்தபோது மாடு படுத்துவிட்டது. எழவே இல்லை.

ஜீவாமிர்தத்துக்கு வெல்லம் போட்டால் நுண்ணுயிர் பெருகும் என்று நாம் ஊர் ஊராகச் சொல்கிறோம். மாட்டின் பெருவயிற்றிலும் நுண்ணுயிர்தான் வேலை பார்க்கிறது. புல்லுக்கும் வைக்கோலுக்கும் பழகியது அது. திடீரென்று சோறும் வெல்லமும் குவிந்தால் அமிலம் பெருகி, நல்ல நுண்ணுயிர் செத்து, வயிறு வேலையை நிறுத்திவிடும். நாட்டு மாடு எதையும் தாங்கும் என்று நம் கூட்டங்களில் பேசுவதை நானும் கைதட்டிக் கேட்டவன்தான். சோற்றைத் தாங்கவில்லையே.

வங்கியில் இருந்தபோது கடன் மாடு செத்தால் காது வில்லையோடு இன்சூரன்ஸ் பாரம் கொண்டுவருவார்கள். தை மாசத்தில் வந்த பாரங்களில் 'வயிறு உப்பி' என்று எழுதியிருந்ததைப் படித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஏன் என்று ஒருத்தரையும் கேட்டதில்லை.

இப்போது எங்கள் வீட்டில் சாமிக்குப் படைத்ததில் எலுமிச்சை அளவு ஒரே உருண்டை, ஒருவர் கையால் மட்டும். பிள்ளைகள் ஊட்ட ஆசைப்பட்டால் அகத்திக்கீரைக் கட்டு தயாராக இருக்கும். கழுத்துக்கு வேப்பிலையும் மாவிலையும். பிளாஸ்டிக் மாலையைப் பக்கத்து மாடு தின்றுவிடும். கொம்புக்குப் பெயிண்ட் கிடையாது, காவியும் மஞ்சளும்தான். மறுநாள் விடிந்ததும் அசைபோடுகிறதா என்று பார்க்கிறேன். போடவில்லை என்றால் 1962-க்கு உடனே போன், கைவைத்தியம் பார்த்துக் காத்திருப்பதில்லை.

போன வருஷம் பொங்கல் சட்டியோடு வந்த பக்கத்து வீட்டம்மாவை வாசலிலேயே நிறுத்திவிட்டேன். "நல்ல நாள்ல மாட்டுக்குக் கூடவா கணக்கு? பேங்க்காரர் புத்தி போகுமா!" என்றார்.

சட்டியை நானே வாங்கிச் சாப்பிட்டேன்.